வெட்டுமர மதிப்புக் கூட்டல்

வெட்டுமர மதிப்புக் கூட்டல் என்பது, மரம் வளர்ப்போர் தம் நிலத்தில் விளைந்த மரத்தை விற்பதற்கு முன் சில பணிகளைத் தாமே மேற்கொண்டோ, விற்கும் முறையை மாற்றிக்கொண்டோ, அதே மரத்துக்குக் கூடுதல் விலை பெறுவதைக் குறிக்கும். மரத்தை அறுத்துப் பலகையாக்குவதே மதிப்புக் கூட்டல் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் கவாத்து செய்தல், சரியான நீளத்தில் துண்டித்தல், தரம் பிரித்தல், அளந்து விற்றல் ஆகிய எளிய பணிகளும் இதில் அடங்கும். இவற்றுக்கு இயந்திரம் ஏதும் தேவையில்லை. இக்கட்டுரை பெரும்பாலும் தமிழ்நாட்டில் பட்டா நிலத்தில் வளர்க்கப்படும் மரங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறைகளை விளக்குகிறது.

பின்னணி

இந்தியாவில் காடுகளின் பெரும்பகுதி அரசுக்கு உரியது. ஆகவே சுவீடன், பின்லாந்து போன்ற நாடுகளில் உள்ளதைப் போலக் குடும்பங்களுக்குச் சொந்தமான காடுகள் இங்கு மிகக் குறைவு. அந்நாடுகளின் காட்டு உரிமையாளருக்கு இணையாக இங்கு உள்ளவர்கள், தம் வயலிலோ வரப்பிலோ தோப்பிலோ சவுக்கு, தைலமரம், தேக்கு, மலைவேம்பு, குமிழ் முதலியவற்றை வளர்க்கும் உழவர்களே ஆவர்.

1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, மரம் சார்ந்த தொழிற்சாலைகள் தமக்கு வேண்டிய மூலப்பொருளை மரம் வளர்ப்போருடன் நேரடித் தொடர்பு கொண்டு பெற வேண்டும் என்று கூறியது. 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் பிறப்பித்த ஆணை, காடுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. இவற்றின் விளைவாகக் காட்டு மரத்தின் வரத்து சுருங்கி, உழவர் வளர்த்த மரத்தின் தேவை பெருகியது. தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 2000-களின் நடுப்பகுதியிலிருந்து உழவர்களுடன் ஒப்பந்த முறையில் காகிதக்கூழ் மரம் வளர்த்து வருகிறது. 2014-இல் இந்திய அரசு தேசிய வேளாண் காடு வளர்ப்புக் கொள்கையை வெளியிட்டது.

தேவை பெருகியபோதும் விலையில் உழவரின் பங்கு அதே அளவில் உயர்ந்துவிடவில்லை. வியாபாரி நாள்தோறும் மரம் வாங்குபவர். உழவரோ சவுக்கை நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும், தேக்கை வாழ்நாளில் ஓரிரு முறையும் மட்டுமே விற்பவர். தோப்பில் நிற்கும் மரங்களை ஒரு சுற்று பார்த்துவிட்டு "மொத்தமாக இவ்வளவு" என்று குத்துமதிப்பாக விலை பேசும் வழக்கத்தில், மரத்தின் கன அளவு, தரம், இறுதிப் பயன் ஆகிய மூன்றையும் அறிந்தவர் வாங்குபவர் மட்டுமே. பெரும்பாலான மதிப்புக் கூட்டல் முறைகள் இந்த இடைவெளியைக் குறைப்பவையே.

அளவீடு

இந்தியாவில் உருட்டுக் கட்டையின் கன அளவு பெரும்பாலும் கால் சுற்றளவு முறையில் கணக்கிடப்படுகிறது. கட்டையின் நடுச் சுற்றளவை நான்கால் வகுத்து, அதனை அதே எண்ணால் பெருக்கி, வரும் விடையை நீளத்தால் பெருக்க வேண்டும். இம்முறை ஆங்கிலேயரான எட்வர்டு ஹாப்பசு 1736-இல் வெளியிட்ட அளவை நூலின் வழியாகப் பரவியதால் ஹாப்பசு முறை என்றும் அழைக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, 100 செ.மீ. சுற்றளவும் 3 மீட்டர் நீளமும் உள்ள கட்டை, இம்முறைப்படி 0.1875 கன மீட்டர், அதாவது சுமார் 6.6 கன அடி ஆகும். வட்டத்தின் பரப்பைக் கொண்டு கணக்கிட்டால் உண்மையான அளவு 0.2387 கன மீட்டர், அதாவது சுமார் 8.4 கன அடி. ஆகக் கால் சுற்றளவு முறை உண்மை அளவில் 78.5 விழுக்காட்டையே காட்டுகிறது. இதனை ஏமாற்று என்று கூறிவிட இயலாது. உருண்டைக் கட்டையைச் சதுரமாக்கும்போது ஏற்படும் கழிவை முன்கூட்டியே தள்ளிவிடும் வணிக வழக்கு இது. எல்லோரும் இதே முறையில் விலை பேசும்வரை யாருக்கும் இழப்பில்லை. ஒருவர் கூறும் கன அடி விலையையும் மற்றொருவர் கூறும் கன மீட்டர் விலையையும் ஒப்பிடும்போது, இரண்டும் எம்முறையில் அளக்கப்பட்டவை என்று கேட்காமல் விடுவதே இழப்புக்கு வழி வகுக்கிறது.

உண்மையான இழப்பு பெரும்பாலும் சுற்றளவைக் கீழ்நோக்கி முழுமையாக்குவதில் ஏற்படுகிறது. 98 செ.மீ. சுற்றளவை 90 என எழுதினால் குறைவு எட்டு செ.மீ. மட்டுமே போலத் தோன்றும். சுற்றளவு இருமடிப் பெருக்கத்தில் வருவதால் கன அளவில் அது சுமார் 16 விழுக்காட்டு இழப்பாகிறது. பட்டையுடன் அளப்பதா, பட்டை நீக்கி அளப்பதா என்பதையும் முன்னரே பேசி முடிவு செய்தல் நன்று. ஓர் அளவு நாடாவும் ஒரு குறிப்பேடும் கொண்டு, ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டு, மார்பளவு உயரத்தில், அதாவது நிலத்திலிருந்து 1.37 மீட்டரில், சுற்றளவைக் குறித்து வைத்திருக்கும் உழவர் விலை பேசும்போது வலுவான நிலையில் இருப்பார்.

வளரும் பருவத்தில் கூடும் மதிப்பு

மரத்தின் விலையில் பெரும்பகுதி அது நின்றுகொண்டிருக்கும்போதே தீர்மானிக்கப்படுகிறது. பலகைக்கும் மெல்லேட்டுக்கும் வேண்டியது நேரான, கணுவற்ற, பருத்த அடிமரம். இம்மூன்றும் வெட்டும் நாளில் உண்டாக்கக்கூடியவை அல்ல.

கணு என்பது கிளையின் அடிப்பகுதி தண்டுக்குள் புதைந்து நிற்பதாகும். கிளையை இளமையிலேயே நீக்கிவிட்டால் அதன் பிறகு வளரும் மரம் முழுவதும் கணுவின்றி அமையும். கிளை பட்டுப்போகும் வரை விட்டுவைத்தால், அது பலகையில் தளர்ந்த கணுவாகி, உலர்ந்தபின் உதிர்ந்து ஓட்டையாகிவிடும். மலைவேம்பில் பக்கத் தளிர்களை அவை மென்மையாக இருக்கும்போதே நீக்கிவிடுவது இதனால்தான். கவாத்து செய்கையில், கிளை தண்டோடு சேரும் புடைப்பைச் சேதப்படுத்தாமல் அதன் விளிம்பில் வெட்ட வேண்டும். குச்சியாக நீட்டி விட்டால் அங்கிருந்து அழுகல் உள்ளே இறங்கும். ஒரே முறையில் தழைப்பகுதியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்கினால் வளர்ச்சி குன்றும்.

அடுத்தது இடைக்கலைப்பு. 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு எக்டேரில் 2,500 மரங்கள் நிற்கும். எல்லாவற்றையும் இறுதிவரை வைத்திருந்தால் அனைத்தும் மெலிந்தே போகும். கால் சுற்றளவு முறைப்படி, ஒரே நீளமுள்ள கட்டைகளில் 120 செ.மீ. சுற்றளவுள்ள ஒன்று 60 செ.மீ. சுற்றளவுள்ள நான்குக்குச் சமம். மேலும் பருத்த கட்டைக்குக் கன அடி ஒன்றின் விலையே கூடுதலாக இருப்பதால், அந்த ஒன்று நான்கைவிட அதிகம் பெறும். வளைந்தவற்றையும் நோயுற்றவற்றையும் முதலில் வெட்டி, நல்லவற்றுக்கு இடம் விடுவதே இடைக்கலைப்பின் நோக்கம். தாமே வளர்த்த மரத்தைப் பாதியில் வெட்ட மனம் வராமல் பலர் இதனைத் தவிர்த்துவிடுகின்றனர்.

தேக்கில் வயதும் முதன்மையானது. அதன் நடுவில் உள்ள பழுப்பு நிற வைரமே கறையானையும் அழுகலையும் தாங்கும். வெளிப்புறத்து வெளிறிய மரத்துக்கு அத்தன்மை இல்லை. இளந்தேக்கில் வெளிறிய பகுதியின் பங்கு அதிகம். 1990-களில் இந்தியாவெங்கும் விளம்பரப்படுத்தப்பட்ட தேக்கு முதலீட்டுத் திட்டங்கள், 20 ஆண்டுகளில் முதிர்ந்த தேக்கின் விலை கிடைக்கும் என்பது போன்ற கணக்கைக் காட்டின. அக்கணக்கில் வைரத்தின் அளவு இடம்பெறவில்லை. இத்தகைய திட்டங்கள் பெருகியதைத் தொடர்ந்து, 1999-இல் கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கான ஒழுங்குவிதிகளைப் பங்குச் சந்தை வாரியமான செபி கொண்டுவந்தது. 1840-களில் மலபார் ஆட்சியர் கொனோலியின் முயற்சியில் தேக்குத் தோட்டம் தொடங்கப்பட்ட கேரளத்தின் நிலம்பூரில், தேக்கு வழக்கமாக 50 முதல் 60 ஆண்டுகள் வரை வளர்க்கப்பட்டது இங்கு ஒப்பிடத்தக்கது.

வெட்டுதலும் துண்டித்தலும்

மரத்தின் பருத்த பகுதி அதன் தூர் ஆகும். நிலத்தை ஒட்டி வெட்டாமல் ஓர் அடி உயரத்தில் வெட்டுவது வேலைக்கு எளிது. தூரில் 120 செ.மீ. சுற்றளவுள்ள மரத்தை 10 செ.மீ. உயரத்தில் வெட்டுவதற்கு மாறாக 30 செ.மீ. உயரத்தில் வெட்டினால், மரம் ஒன்றுக்கு 0.018 கன மீட்டர் அடிக்கட்டையிலேயே தங்கிவிடும். நூறு மரங்களில் அது 63 கன அடிக்கு மேல் ஆகிறது.

வீழ்த்திய மரத்தை எங்கெங்கு துண்டிப்பது என்பது அதனைவிட முக்கியமானது. லாரியின் நீளத்துக்கு ஏற்பத் துண்டிக்கும் பழக்கத்தில் நல்ல மரம் வீணாகிறது. ஒட்டுப்பலகையின் வழக்கமான அளவு 8 அடிக்கு 4 அடி. மேற்பரப்புக்கான ஏட்டை உரிக்க 8 அடிக்குச் சில அங்குலம் கூடுதலான கட்டை வேண்டும். ஏழரை அடியில் துண்டிக்கப்பட்ட மலைவேம்புக் கட்டை எவ்வளவு நேராக இருந்தாலும், மேலேட்டுக்குப் பயன்படாமல் 4 அடி உள்ளேட்டுக்கு மட்டுமே உதவும், மீதி கழிவாகும். எனவே வெட்டுவதற்கு முன் வாங்குபவரிடம் நீளத்தைக் கேட்டறிவதே செலவில்லாத மதிப்புக் கூட்டல் எனலாம். வளைந்த மரத்தில் வளைவு உள்ள இடத்திலேயே துண்டித்தால் இரு நேரான கட்டைகள் கிடைக்கும். வளைவு நடுவில் அமையுமாறு துண்டித்தால் இரண்டும் கெடும்.

தரம் பிரித்தல்

ஒரே தோப்பின் மரம் பல சந்தைகளுக்கு உரியது. கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர மாவட்டங்களில் விளையும் சவுக்கில், நேரான நீண்ட மரங்கள் சாரத்துக்கும் பந்தலுக்கும் கழியாக எண்ணிக்கைக் கணக்கில் விற்பனையாகும். வளைந்தவை காகிதக்கூழுக்கு எடைக் கணக்கில் போகும். மிலாறும் வேர்க்கட்டையும் விறகாகும். எல்லாவற்றையும் ஒரே விலையில் எடைபோட்டு விற்றால், கழிக்கு உரிய விலையை உழவர் இழக்கிறார். பின்னர் பிரித்து விற்பவருக்கு அது ஆதாயமாகிறது. தேக்கிலும் சுற்றளவு வாரியாக அடுக்கி வைத்து விற்பது இதே காரணத்தால் நன்மை பயக்கும்.

எடைக் கணக்கில் விற்கும்போது ஈரத்தையும் கருத வேண்டும். மரத்தின் ஈரப்பதம், முற்றிலும் உலர்ந்த எடையை அடிப்படையாகக் கொண்டு கூறப்படுவது. ஈரப்பதம் 100 விழுக்காடாக உள்ள ஒரு டன் பச்சை மரத்தில் உலர்ந்த மரப்பொருள் 500 கிலோ. அது வெயிலில் கிடந்து 40 விழுக்காட்டுக்கு இறங்கினால் எடை 700 கிலோ ஆகிவிடும். மரப்பொருள் சிறிதும் குறையவில்லை, பணம் மட்டும் குறைகிறது. கூழ் ஆலைக்குப் பச்சை எடையில் விற்பவர் வெட்டிய உடனே அனுப்புவதும், ஆலையின் வரிசை, வண்டி ஏற்பாடு ஆகியவற்றை உறுதி செய்தபின் வெட்டத் தொடங்குவதும் இதனால் தேவையாகிறது.

அறுத்தல்

உருட்டுக் கட்டையிலிருந்து பாதி அளவோ அதற்குச் சற்று அதிகமோதான் அறுத்த மரமாகக் கிடைக்கும். மெலிந்த கட்டைகளில் இது மேலும் குறையும். ரம்பத்தின் தடிப்பும் இதில் பங்கு வகிக்கிறது. 25 மி.மீ. பலகை அறுக்கும்போது, 6 மி.மீ. தூளாக்கும் வட்ட ரம்பம் பலகை ஒன்றுக்கு 31 மி.மீ. மரத்தைச் செலவழிக்கிறது. 3 மி.மீ. தூளாக்கும் நாடா ரம்பத்துக்கு 28 மி.மீ. போதும். ஆகவே அதே கட்டையில் சுமார் பத்து விழுக்காடு கூடுதல் பலகை கிடைக்கிறது.

மரம் வளர்ப்போர் தாமே அறுவை ஆலை தொடங்குவது எளிதன்று. 2002 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பின் புதிய அறுவை ஆலைகளுக்கான உரிமம் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. பின்னர் 2016-இல் நடுவண் அரசு இத்தொழிலுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆகவே உரிமம் பெற்ற ஆலையில் கூலிக்கு அறுத்து, பலகையாகவும் சட்டமாகவும் விற்பதே பெரும்பாலோருக்கு ஏற்ற வழியாகும். எந்த அளவுகளில் அறுப்பது என்பதை வாங்குபவர் கிடைத்தபின் முடிவு செய்வதே பாதுகாப்பானது. அறுத்த மரத்தை மீண்டும் கட்டையாக்க முடியாது.

உலர்த்துதல்

மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கும்போதுதான் அது சுருங்கத் தொடங்குகிறது. சுருக்கம் எல்லாத் திசைகளிலும் ஒன்றுபோல் அமையாது. தேக்கு பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்போது, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 5.8 விழுக்காடும் ஆரத்தின் திசையில் சுமார் 2.5 விழுக்காடும் சுருங்கும். இந்த வேறுபாடே பலகை கோணுவதற்கும் வெடிப்பதற்கும் காரணம். தேக்கு இவ்வகையில் நல்ல மரம். பிற மரங்கள் பலவற்றில் சுருக்கம் இதனினும் அதிகம்.

சரியாக உலர்ந்த பலகை கூடுதல் விலை பெறுவது, தச்சர் அதனை உடனே பயன்படுத்தலாம் என்பதாலாகும். காற்றில் உலர்த்தும் முறைக்குப் பெருஞ்செலவு இல்லை. நிலத்திலிருந்து உயர்த்திய மேடையில், நிழலில், பலகை அடுக்குகளுக்கு இடையே ஒரே தடிப்புள்ள ரீப்பர்களை இரண்டடிக்கு உட்பட்ட இடைவெளியில், மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில் அமையுமாறு வைத்து அடுக்க வேண்டும். மேலடுக்கின் மீது பாரம் ஏற்ற வேண்டும். ரீப்பர் கோடு தவறினால் பலகை அந்த வளைவிலேயே உலர்ந்துவிடும். அறுமுகங்களில் மெழுகோ பழைய வண்ணப்பூச்சோ தடவினால் ஓர வெடிப்பு குறையும். மறைப்பின்றி வெயிலில் போட்டு "நன்றாகக் காயட்டும்" என விடுவது மரத்தைக் கெடுக்கும் உறுதியான வழியாகும்.

பாதுகாப்பு ஊட்டல்: ரப்பர் மரத்தின் எடுத்துக்காட்டு

மதிப்புக் கூட்டல் ஒரு மரத்தின் நிலையையே மாற்றியதற்கு ரப்பர் மரம் சிறந்த எடுத்துக்காட்டு. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும், பால் வடிந்து முடிந்தபின் சுமார் 25 முதல் 30 ஆண்டுகளில் ரப்பர் மரங்கள் வெட்டப்படுகின்றன. முன்னர் இவை விறகாகவும் மலிவான பெட்டிப் பலகையாகவும் மட்டுமே விற்றன. இம்மரத்தில் மாவுப்பொருளும் சர்க்கரையும் மிகுதி. ஆதலால் வெட்டிய சில நாட்களுக்குள் பூஞ்சை படர்ந்து நீலக்கறை உண்டாகும். தொடர்ந்து துளைவண்டு தாக்கும்.

இதற்குத் தீர்வாக, அறுத்த பலகைகளை உடனே இரும்புக் கலனில் அடைத்து, வெற்றிடமும் அழுத்தமும் கொண்டு வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை உட்செலுத்தி, பின் சூளையில் உலர்த்தும் முறை வழக்கத்துக்கு வந்தது. மலேசியாவில் 1980-களில் இம்முறையால் ரப்பர் மரம் ஏற்றுமதித் தரமுள்ள அறைகலன் மரமாக உயர்ந்தது. போரான் சேர்மங்கள் மழையில் கரைந்து வெளியேறிவிடும் என்பதால் இத்தகைய மரம் வீட்டின் உட்புறப் பயனுக்கே ஏற்றது. இங்கு தோட்ட உரிமையாளர் ஆற்றக்கூடிய பங்கு ஒன்றே ஒன்றுதான்: வெட்டிய மரத்தைத் தோட்டத்தில் கிடத்தி வைக்காமல் உடனே ஆலைக்கு அனுப்புவது.

கூட்டாக விற்றல்

ஓர் ஏக்கர் தோப்பின் உரிமையாளருக்கு ஆலையுடன் பேரம் பேசும் வலு இல்லை. ஒரு லாரிக்குத் தேவையான ஒரே தரமுள்ள மரமும் அவரிடம் இராது. வட ஐரோப்பாவில் இதற்குக் கண்ட விடை கூட்டுறவு. பின்லாந்தில் உற்பத்தித் திறனுள்ள காட்டு நிலத்தில் சுமார் 60 விழுக்காடும் சுவீடனில் சுமார் பாதியும் தனியாருக்கு உரியவை. தெற்குச் சுவீடனின் சோத்ரா என்னும் கூட்டுறவில் சுமார் 50,000 காட்டு உரிமையாளர்கள் உறுப்பினர்கள். அறுவை ஆலைகளும் கூழ் ஆலைகளும் அக்கூட்டுறவுக்கே சொந்தம். ஆதலால் மரத்தின் விலையுடன் ஆலையின் ஆதாயத்திலும் உறுப்பினர் பங்கு பெறுகின்றனர். செருமனியில், பல சிறு உரிமையாளர்களின் உயர்தரக் கட்டைகளை ஓரிடத்தில் எண்ணிட்டுப் பரப்பி வைத்து, ஒவ்வொரு கட்டைக்கும் முத்திரையிட்ட உறையில் விலை கோரும் ஏலமுறை உள்ளது.

தமிழ்நாட்டில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் காய்கறி, சிறுதானியங்களில் செய்யும் கூட்டு விற்பனையை மரத்துக்கும் விரிவாக்கலாம். அண்டைத் தோப்புக்காரர்கள் ஒரே மாதத்தில் வெட்டத் திட்டமிட்டாலே வண்டிக்கூலியும் ஆட்கூலியும் குறையும். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம் ஆகியவை மரம் வளர்ப்போருக்கு இரகத் தேர்விலும் வளர்ப்பு முறையிலும் வழிகாட்டுகின்றன.

எங்கு மதிப்பு கூடாது

எல்லா மரத்துக்கும் எல்லாப் பணியும் ஏற்றதன்று. மூன்றாண்டுத் தைலமரத்தைப் பலகையாக அறுப்பதில் பயனில்லை. அதன் தண்டில் உள்ள வளர்ச்சி அழுத்தத்தால் பலகைகள் அறுக்கும்போதே பிளந்து வளையும். அறுத்துப் பல மாதம் உலர்த்தும் காலத்தில் முடங்கும் பணத்துக்கு வட்டி உண்டு, கறையானும் திருட்டும் உண்டு. கணக்கிட வேண்டியது எளிது: பணி செய்தபின் கிடைக்கும் கூடுதல் விலையிலிருந்து கூலி, கழிவு, வண்டி, வட்டி ஆகியவற்றைக் கழித்தபின் எஞ்சுவது என்ன என்பதே. அளத்தல், துண்டித்தல், தரம் பிரித்தல் ஆகிய மூன்றிலும் பெரும்பாலும் எஞ்சும். அறுத்தலிலும் உலர்த்துதலிலும் உறுதியாக வாங்குபவர் இருந்தால் மட்டுமே எஞ்சும்.

சட்டமும் சான்றிதழும்

மரத்தை எடுத்துச் செல்ல 1968-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகள் பொருந்தும். எம்மரத்துக்கு அனுமதி தேவை என்பது மரவகையைப் பொறுத்தது. மலைப்பகுதிகளில் மரம் வெட்ட, 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும். சந்தன மரத்தில் நில உரிமையாளருக்குள்ள உரிமை 2002-இல் விரிவாக்கப்பட்டது எனினும், அதனைத் தம் விருப்பப்படி வெட்டி விற்க இயலாது. வெளிநாட்டு வணிகத்தில் செம்மரமும், 2017 முதல் ஈட்டி இனம் முழுவதும், அழிவாய்ப்புள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. ஆவணமின்றி வரும் மரத்தைப் பெரிய நிறுவனங்கள் வாங்குவதில்லை. ஆதலால் முறையான ஆவணங்களும் விலையின் ஒரு பகுதியே. 2023 டிசம்பரில் நாடு முழுவதற்குமான இணையவழி மரப் போக்குவரத்து அனுமதி முறை தொடங்கப்பட்டது.

1993-இல் தோன்றிய வனப் பொறுப்பாண்மை மன்றம், 1999-இல் தோன்றிய மற்றொரு பன்னாட்டுத் திட்டம் ஆகியவை நிலைத்த முறையில் வளர்த்த மரத்துக்குச் சான்று அளிக்கின்றன. ஏற்றுமதி செய்யும் அறைகலன், காகித நிறுவனங்களுக்கு இச்சான்று தேவைப்படுகிறது. தனி உழவரால் இதன் செலவைத் தாங்க இயலாது என்பதால், பலர் ஒரு குழுவாக ஒரே சான்றிதழ் பெறும் ஏற்பாடு உள்ளது. இந்திய அரசும் 2023 டிசம்பரில் தனக்கென ஒரு வன மற்றும் மரச் சான்றளிப்புத் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. காட்டுக்கு வெளியே வளரும் மரங்களும் இத்திட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன.